கனடாக் குளிரில் முதற்குழந்தை: கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஆயத்தமாவது எப்படி?

மட்டக்களப்பிலிருந்து மணமாகி ஸ்காபரோவுக்கு வந்து பத்து மாதங்களான தங்கை ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த ஆண்டு குழந்தைக்கு ஆயத்தமாகலாம் என்று கணவரும் தானும் எண்ணுவதாகவும், பிள்ளை மார்கழி, தை மாதங்களில் பிறந்துவிட்டால் இந்தக் குளிரைத் தாங்குமா என்ற பயம் இப்போதே பிடித்துக்கொண்டதாகவும், ஊரிலிருந்து அம்மா வந்து சேர்வாரோ தெரியாத நிலையில் கருத்தரிப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும், பிறந்த பின் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அறிய விரும்புவதாகவும் கேட்டிருக்கிறார்.

முதற்கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன்: தாங்கும். ரொறன்ரோப் பகுதியில் பிரசவ விடுதித் தாதியாகப் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். என் மூத்த மகளும் ஒரு தை மாத விடியற்காலையில், யன்னல் கண்ணாடியில் உறைபனி கோலம் போட்டிருந்த வேளையில்தான் பிறந்தாள். இத்தனை காலத்தில் நான் கண்ட தொல்லைகளில் வெளியிலிருக்கும் குளிர் நேரடியாக விளைவித்தவை மிகக் குறைவு. அந்தக் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் நாம் செய்யும் காரியங்களாலும், அரை வருடம் வெயில் இல்லாமற்போவதாலும் வந்தவையே அதிகம். ஆகவே ஆயத்தத்தை அந்த இடத்திலிருந்து, அதுவும் கருத்தரிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னதாகவே, தொடங்கச் சொல்கிறேன்.

முதலாவது ஃபோலிக் அமிலம். கருவின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்குத் தள்ளிப்போனதைக் கவனித்து, பரிசோதித்து, வைத்தியரிடம் போய்க் குளிசை வாங்கும்போது அந்த வேலை முடிந்திருக்கும். இதற்காகவே கனடாவில் 1998 முதல் வெள்ளைக் கோதுமை மாவில் ஃபோலிக் அமிலம் கட்டாயமாகச் சேர்க்கப்படுகிறது. காலையில் பாணும் மதியம் சான்ட்விச்சும் சாப்பிடும் பெண்ணுக்கு அது தானாகவே ஓரளவு கிடைத்துவிடுகிறது. சோறு, சிவப்பரிசி மாப் புட்டு, இடியப்பம், ஆட்டா ரொட்டி என்று சாப்பிடும் நமக்கு அந்த வழி இல்லை, ஏனென்றால் அரிசிக்கும் முழுக்கோதுமை மாவுக்கும் அந்தக் கட்டாயம் கிடையாது. எனவே 0.4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் 16 முதல் 20 மில்லிகிராம் இரும்புச்சத்தும் உள்ள கர்ப்பகாலப் பல்விற்றமின் குளிசை ஒன்றை இன்றிலிருந்தே நாளுக்கொன்றாக எடுக்கத் தொடங்குங்கள். நீரிழிவோ வலிப்பு நோய்க்கான மருந்தோ இருந்தால், அல்லது குடும்பத்தில் நரம்புக்குழாய்க் குறைபாட்டுடன் குழந்தை பிறந்திருந்தால், இந்த அளவு போதாமல் இருக்கலாம். வைத்தியரிடம் சொல்லி அளவைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சைவ உணவுக்காரராக இருந்தால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் நம் வழக்கம் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது. தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

குடும்ப வைத்தியரிடம் போகும்போது இன்னும் மூன்று விடயங்களைக் கேளுங்கள். ஒன்று, ருபெல்லாவுக்கும் கொப்பளிப்பானுக்கும் உங்கள் உடலில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்ற இரத்தப் பரிசோதனை. வெப்ப நாடுகளில் கொப்பளிப்பான் பிந்திய வயதில்தான் தொற்றுவதால், அது வராமலே வளர்ந்து இங்கே வந்து சேரும் பெண்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். கர்ப்பத்தின்போது அது வந்தால் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்தாகலாம். இந்த இரு தடுப்பூசிகளும் உயிருள்ள கிருமியால் ஆனவை என்பதால் கர்ப்பத்தில் போட முடியாது; போட்ட பின்னரும் ஒரு மாதம் பொறுத்தே கருத்தரிக்க வேண்டும். இரண்டு, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இந்த மரபணுவைச் சுமப்போர் தங்களுக்கு ஒன்றுமில்லை என்றே வாழ்கிறார்கள். கணவன், மனைவி இருவருமே சுமப்போராக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோயாக வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மூன்று, நீரிழிவு. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். வழமையாக 24 முதல் 28 கிழமைக்குள் செய்யும் குளுக்கோஸ் பரிசோதனைக்குக் காத்திருக்காமல், கருத்தரிப்பதற்கு முன்னரே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது. தைரொயிட் பரிசோதனையையும் அதே இரத்தத்தில் செய்துவிடலாம்.

இனி வெயில். நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ரொறன்ரோ ஏறத்தாழ 43.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. நவம்பர் முதல் பெப்ரவரி வரை சூரியன் வானில் தாழ்ந்து நகர்வதால், விற்றமின் டி உருவாக்கும் கதிர்கள் நம்மை வந்தடைவதில்லை. நண்பகலில் கண்ணைக் கூசும் வெயில் அடித்தாலும் தோல் எதையும் செய்வதில்லை. எட்மன்டன் போன்ற வடக்கு நகரங்களில் இந்தக் காலம் இன்னும் நீளம். நம் தோலின் கருமை, ஊரின் கடும் வெயிலிலிருந்து நம்மைக் காத்த கவசம். அதே கவசத்தால் இங்கே கோடையிற்கூட வெள்ளைத் தோலினரைவிட நமக்கு அதிக நேரம் வெயில் வேண்டியிருக்கிறது. யன்னலருகே அமர்ந்து வெயில் காய்வதால் பயனில்லை, அந்தக் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். தாயின் உடலில் விற்றமின் டி குறைந்திருந்தால் பிள்ளையும் குறைவோடுதான் பிறக்கும். தாய்ப்பாலிலும் அது மிகச் சிறிதளவே உண்டு. ஊரில் வாழ்நாள் முழுதும் வெயிலில் நடந்தவருக்கு இங்கு முதற் குளிர்காலத்திலேயே அளவு இறங்கிவிடுவது வழமை. அதனால் உங்கள் குளிசையில் விற்றமின் டி எவ்வளவு இருக்கிறது, அதற்கு மேல் வேண்டுமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நிர்வாகக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் புதிதாக வருபவர்கள் மருத்துவக் காப்புறுதிக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி 2020 மார்ச்சில் நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் அட்டை எடுக்காவிட்டால் உடனே எடுங்கள். இங்கே மருத்துவிச்சிகள் 1994 முதல் பொதுச் சுகாதார அமைப்பின் அங்கமாக, பதிவுபெற்று வேலை செய்கிறார்கள். நம் ஊர் மருத்துவிச்சி ஆச்சியை நினைத்து அவர்களைக் குறைவாக எண்ண வேண்டாம். பல்கலைக்கழகத்தில் படித்து, வைத்தியசாலையிலும் வீட்டிலும் பிரசவம் பார்க்கும் தகுதி பெற்றவர்கள். முதற்கிழமையில் வீட்டுக்கே வந்து பிள்ளையை நிறுத்துப் பார்ப்பார்கள், பிறந்து ஆறு கிழமை வரை இருவரையும் கவனிப்பார்கள், கட்டணம் இல்லை. வெளியே பனி கொட்டும்போது நான்கு நாட் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் அலையாமல் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அப்போது விளங்கும். இடங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், கர்ப்பம் உறுதியான அதே கிழமையில் அழையுங்கள். நீங்கள் வேலைக்குப் போகிறவரானால், மகப்பேற்று உதவிப் பணம் பெற முந்தைய 52 கிழமைகளில் 600 மணி நேரம் காப்புறுதியுடன் வேலை செய்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். அம்மாவை அழைப்பதானால் பெற்றோருக்கான சூப்பர் விசாவுக்கு ஓராண்டு மருத்துவக் காப்புறுதி கட்டாயம். விண்ணப்பத்தைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

குளிர்காலத்தில் வயிற்றுப் பிள்ளையோடு இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது சப்பாத்தைப் பற்றி. நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடிபோல் உறைந்திருக்கும் மெல்லிய பனியில்தான் பெரும்பாலானோர் வழுக்கி விழுகிறார்கள். வயிறு முன்தள்ளிய மாதங்களில் உடம்பின் நிறை சமநிலை மாறிவிடுவதால் விழும் வாய்ப்பு கூடுகிறது. தடித்த இறப்பர் அடியும் ஆழமான பள்ளங்களும் கொண்ட பூட்ஸ், அதன் மேல் மாட்டும் முள்வளையம் இரண்டையும் வாங்கிவையுங்கள். வயிறு அடிபட விழுந்தால், வலி இல்லாவிட்டாலும், பிள்ளை துடிப்பது தெரிந்தாலும், வைத்தியசாலைக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும். தடுப்பூசிகளில் சளிக்காய்ச்சல் ஊசியை இலையுதிர்காலத்திலும், குக்கல் இருமலுக்கான ஊசியை 27 முதல் 32 கிழமைக்குள்ளும் போட்டுக்கொள்ளுங்கள். குக்கல் இருமல் ஊசி ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாக வேண்டும், ஏனெனில் அதனால் உருவாகும் எதிர்ப்புச் சக்தி கொடியின் வழியே பிள்ளைக்குப் போய், அதற்குத் தன் ஊசி போடும் காலம் வரும்வரை காக்கிறது. பச்சைக் குழந்தைகளின் சுவாசக் குழாயைப் பிடிக்கும் ஆர்.எஸ்.வி. என்ற கிருமி குளிர்காலத்தில்தான் பரவும். ஒன்ராறியோவில் 2024 இலையுதிர்காலம் முதல் எல்லாப் பச்சைக் குழந்தைகளுக்கும் அதற்கெதிரான பேஃபோர்ட்டஸ் ஊசி இலவசமாகக் கிடைக்கிறது. குளிர்காலத்தில் பிறக்கும் பிள்ளைக்கு வைத்தியசாலையை விட்டு வரும் முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது பிள்ளை. பிறந்த குழந்தைக்கு நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றத் தெரியாது. அதற்குப் பதிலாகக் கழுத்தைச் சுற்றியும் தோட்பட்டைகளுக்கு நடுவிலும் பழுப்புக் கொழுப்பு என்ற ஒரு சேமிப்போடு அது பிறக்கிறது. குளிர் பட்டால் அந்தக் கொழுப்பு எரிந்து வெப்பம் தருகிறது. ஆனால் சேமிப்பு சிறிது, செலவோ பெரிது. ஈரத் தலையாலும், குளிர்ந்த படுக்கையாலும், காற்றோட்டத்தாலும், அருகிலுள்ள குளிர்ந்த யன்னலாலும் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். ஆகவேதான் பிறந்தவுடன் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துகிறோம். அதைவிடச் சிறந்த சூடு எந்த இயந்திரத்திலும் இல்லை. வீட்டுக்கு வந்த பின்னரும் பிள்ளை குளிர்ந்துபோனதாகத் தோன்றினால் இதையே செய்யுங்கள். தகப்பனின் நெஞ்சும் அதே வேலையைச் செய்யும். முதற்குளிப்பைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

வீட்டைப் பொறுத்தவரை, பிள்ளை இருக்கும் அறைக்கு 20 முதல் 22 டிகிரி செல்சியஸ் போதும். ரொறன்ரோ நகர விதிப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டை வீட்டுக்காரர் குறைந்தது 21 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். வைக்காவிட்டால் 311 என்ற எண்ணில் முறையிடலாம். தொட்டிலை யன்னலுக்கும் வெளிச்சுவருக்கும் சூடு வரும் துவாரத்துக்கும் தள்ளி, அறையின் உட்பக்கச் சுவரோரம் போடுங்கள். சூட்டைவிட அதிகம் வதைப்பது வறட்சி. மைனஸ் 10 டிகிரிக் காற்றில் கனமீற்றருக்கு இரண்டு கிராம் அளவே நீராவி தங்கும்; அதே காற்றை உள்ளே எடுத்து 21 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் ஏறத்தாழ 11 சதவீதமாக இறங்கிவிடுகிறது. பிள்ளையின் மூக்கு காய்ந்து அடைப்பதும், தோல் செதிலாக உரிவதும், இரவில் மூசிமூசி அழுவதும் பல வீடுகளில் இதனால்தான். தாய்மார் அதைத் தடிமன் என்று எண்ணி இன்னும் சூட்டைக் கூட்டுவார்கள். அறை இன்னும் வறளும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வைத்து, 30 முதல் 40 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் குளிர்ந்த ஆவி விடும் இயந்திரம் போதும். ஆனால் நாளும் தண்ணீரை மாற்றிக் கழுவாவிட்டால் அதுவே பூஞ்சணத்தைப் பரப்பும். யன்னலில் நீர் வழியத் தொடங்கினால் ஈரம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

உடுப்பு விடயத்தில்தான் வீட்டுப் பெரியவர்களோடு உரசல் வருகிறது. உள்ளே, நீங்கள் அணிந்திருப்பதைவிட ஒரு மடிப்பு அதிகம் என்பதே கணக்கு. பிள்ளையின் கையும் காலும் தொட்டால் எப்போதும் சற்றுக் குளிராகத்தான் இருக்கும். முதல் நாட்களில் சிறிது நீலமாகவும் தெரியும். அதைப் பார்த்து ஸ்வெட்டரின் மேல் ஸ்வெட்டர் போடாதீர்கள். இரண்டு விரலைப் பிடரியிலோ நெஞ்சிலோ வைத்துப் பாருங்கள். அங்கே இளஞ்சூடாக, உலர்ந்து இருந்தால் பிள்ளை சரியாக இருக்கிறது. வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்ற வேண்டும். அளவுக்கு மிஞ்சிய சூடு தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தோடு தொடர்புடையது என்பதால் நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. தூங்கும்போது தொப்பி வேண்டாம், போர்வை வேண்டாம், தலையணையும் வேண்டாம். கையில்லாத துயிற்பையை அணிவித்து, தட்டையான கெட்டி மெத்தையில், உங்கள் அறையிலேயே, தனித் தொட்டிலில், மல்லாக்கக் கிடத்துங்கள். ஏணை கட்டித்தான் ஆக வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டால், விழித்திருக்கும் பிள்ளையைக் கண்ணெதிரே சற்று நேரம் ஆட்டலாம். இரவுத் தூக்கம் அதில் வேண்டாம், ஏனெனில் சேலை மடிப்பில் நாடி நெஞ்சோடு ஒட்டினால் அந்தச் சிறிய மூச்சுக்குழல் மடங்கிவிடும்.

இவ்விடத்தில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகள் பிறந்தபோது அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெட்டி நிறையப் பழைய வேட்டித் துணி கொண்டுவந்தார். பல தடவை தோய்த்து மெதுமெதுவென்று ஆன, அப்பா உடுத்த வேட்டிகள். பிள்ளையைச் சுற்றுவதற்கென்றே நான்காக மடித்து வைத்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் அறை முழுதும் நப்தலீன் மணத்தது. மடிப்புகளுக்குள் வெள்ளை உருண்டைகள் பாதி கரைந்து கிடந்தன. நம் மக்களில் சிலருக்குப் பிறப்பிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். அப்படிப்பட்ட பச்சைக் குழந்தை நப்தலீன் மணத்தைச் சுவாசித்தாலே சிவப்பணுக்கள் உடைந்து, கடும் செங்கமாரி வந்து, மூளையைத் தாக்கும் நிலைக்குப் போகலாம். அம்மாவிடம் இதைச் சொல்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை. அவர் அந்த வேட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்தார். ஆகவே ஊரிலிருந்து துணி வருவதானால், உருண்டை போடாமல் வேப்பிலை வைத்துக் கட்டச் சொல்லி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இங்கே தெரிந்தவர்கள் தரும் பழைய குளிராடைகளையும் முகர்ந்து பார்த்தே எடுங்கள்.

பிள்ளையைக் காரில் கொண்டுவருவதற்கான இருக்கையைப் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னரே வாங்கிப் பொருத்தி, பின்னோக்கிய நிலையில் சரியாக இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். கனடாவின் பாதுகாப்பு முத்திரை அதில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவரும் இருக்கையை இங்கே பயன்படுத்த முடியாது. பஞ்சடைத்த தடித்த உடுப்போடு பிள்ளையை அதில் இருத்திப் பட்டியை இறுக்காதீர்கள். விபத்தில் பஞ்சு நசிந்துவிடும், பட்டி தளர்ந்துவிடும், பிள்ளை வழுவிப்போகும். மெல்லிய உடுப்போடு பட்டியை இறுக்கி, காறையெலும்புக்கு மேல் பட்டியை விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு அகப்படாவிட்டால் சரியான இறுக்கம். போர்வையைப் பட்டிக்கு மேலே போடுங்கள். முதல் நாள் கணவர் வண்டியைச் சூடேற்றப் போகும்போது, புகைபோக்கிக் குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்ப்பதும், மூடிய கராஜுக்குள் இயந்திரத்தை ஓடவிடாமல் இருப்பதும் மறக்கக் கூடாதவை.

வெளியே கொண்டுபோகலாமா என்றால், போகலாம். காற்றில்லாத, மைனஸ் ஐந்தாறு டிகிரி நாளில் பத்து, பதினைந்து நிமிட நடை பிள்ளைக்குத் தீங்கு செய்யாது. தாய்க்கோ அது மருந்து. காற்றின் கடுமையைச் சேர்த்துக் கணக்கிடும்போது மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துவிடும். வளர்ந்த குழந்தைகளுக்கே அந்த எல்லையில் வெளியே போக வேண்டாம் என்கிறார்கள், பச்சைக் குழந்தைக்கு மைனஸ் 15க்குக் கீழ் அவசியமில்லாத பயணம் வேண்டாம் என்பது என் கருத்து. தள்ளுவண்டியின் முகப்பைப் போர்வையால் முற்றாக மூடாதீர்கள். கடைக்குள் நுழைந்ததும், பிள்ளை தூங்கினாலும், தொப்பியையும் மேலுடுப்பையும் கழற்றுங்கள்.

விற்றமின் டி துளிகளைப் பிறந்த முதற்கிழமையிலிருந்தே தொடங்க வேண்டும்: தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு நாளுக்கு 400 அலகு. கருந்தோலுள்ள பிள்ளைகளுக்கு ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து 800 அலகு என்று கனடியக் குழந்தை மருத்துவச் சங்கம் 2007இல் பரிந்துரைத்தது. உங்கள் பிள்ளைக்கு எது என்று வைத்தியரைக் கேளுங்கள். 2002 முதல் 2004 வரை கனடா முழுவதும் எலும்பு மென்மை நோயால் பாதிக்கப்பட்ட 104 குழந்தைகளைக் கண்டறிந்தபோது, அவர்களில் 94 சதவீதத்தினர் தாய்ப்பால் குடித்தவர்கள், 89 சதவீதத்தினர் கருமையான அல்லது மாநிறத் தோலினர். தாய்ப்பாலில் குறை என்று இதை எடுத்துக்கொண்டு பால்மாவுக்கு மாற வேண்டாம். துளி கொடுக்கப்படவில்லை என்பதே அங்கே இருந்த குறை. வாங்கும்போது சிட்டையை வாசியுங்கள். சில வகைகளில் ஒரு துளியிலேயே 400 அலகு இருக்கும், சிலவற்றில் ஒரு மில்லிலீற்றரில்தான் 400 இருக்கும்; இரண்டையும் குழப்பினால் பல மடங்கு போய்விடும். ஒரு துளி வகையை முலைக்காம்பில் விட்டுப் பாலூட்டுவதே எளிது.

நம் வழக்கங்களில் எதை வைப்பது, எதை விடுவது என்று கேட்பீர்கள். 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரை பிறர் வந்து பிள்ளையைத் தூக்காதிருந்த யாழ்ப்பாண முறையை இங்கே குளிர்காலத்தில் நான் மனமார ஆதரிக்கிறேன். தடிமனும் இருமலும் ஊரெல்லாம் சுற்றும் காலத்தில் அதைவிட நல்ல காப்பில்லை. வீட்டோடு இருக்கும் பெரியவர்களும் குக்கல் இருமல், சளிக்காய்ச்சல் ஊசிகளைப் போட்டிருக்க வேண்டும். குளிக்கவார்க்கும் முன் சூடான அறையில் தேங்காயெண்ணெய் தடவி நீவுவது நல்லதே; மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது மட்டும் கூடாது, அது நுரையீரலுக்குப் போகும். சாம்பிராணிப் புகையும் தணல் சட்டியும் காற்றோட்டமுள்ள ஊர் வீட்டுக்கு உரியவை. இங்கே எல்லா யன்னலும் அடைத்த வீட்டுக்குள் தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு மணமோ நிறமோ இல்லாமல் ஆளைக் கொல்லும். வீட்டில் அதைக் கண்டறியும் அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றே அழுத்திப் பாருங்கள். கண்மையில் ஈயம் இருக்கலாம். பொட்டு வைக்கவே ஆசையானால் வீட்டில் அரிசி கருக்கிச் செய்ததை உள்ளங்காலில் வையுங்கள். ஒரு வயது வரை தேன் வேண்டாம். உருட்டும் வோக்கரை ஊரிலிருந்து கொண்டுவர வேண்டாம், 2004 முதல் கனடாவில் அதற்குத் தடை.

பத்தியச் சாப்பாட்டில் சரக்குத்தூளும் உள்ளியும் போட்ட கறிக்கு நான் எதிரியல்லேன். குளிரில் அது உடம்புக்கு இதமாகவும் இருக்கும். பால் ஊறட்டும் என்று கிழமைக்கு நாலு நாள் பாற்சுறாப் புட்டு அவிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்கிறேன். சுறாவில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும், கருத்தரிக்க எண்ணுபவர்களும்கூட, மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் அதைச் சாப்பிட வேண்டாம் என்பது கனடிய சுகாதாரத் திணைக்களத்தின் அறிவுரை. ஒரு வேளைப் புட்டிலேயே அது முடிந்துவிடும். நெத்தலியையும் சமன் மீனையும் அதே சரக்கில் வறையாக வறுத்துச் சாப்பிடலாம். அவற்றில் பாதரசம் குறைவு.

நோய் அறிகுறிகளில் மூன்றை மனதில் நிறுத்துங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். உடற்சூடு 36.5க்குக் கீழே இறங்கி, நெஞ்சோடு அணைத்தும் ஏறாமல், பிள்ளை பால் குடிக்காது சோர்ந்தால் அதுவும் அவசரமே. மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே குழிந்தால், இரவு எத்தனை மணியானாலும் புறப்படுங்கள். செங்கமாரி நம் பிள்ளைகளின் தோலில் எளிதில் தெரியாது. கண்ணின் வெண்மையையும் முரசையும் பாருங்கள். ‘வெயிலில் காட்டு, போய்விடும்’ என்பார்கள். தை மாத யன்னல் வெயில் செங்கமாரிக்குச் சிகிச்சை ஆகாது, பிள்ளையைக் குளிர வைக்கும், அவ்வளவுதான். இரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் நீல ஒளியில் வைப்பதே வழி. ஐந்தாம் நாளுக்குப் பின் நாளுக்கு ஆறு நப்பியாவது நனைந்தால் பால் போதுமான அளவு போகிறது என்று அறியலாம்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்கழியில் ரொறன்ரோவில் மாலை 4.40க்கே சூரியன் மறைந்துவிடும். கணவர் வேலைக்குப் போக இருட்டு, திரும்பி வர இருட்டு. பகல் முழுதும் நீங்களும் பிள்ளையும் நான்கு சுவரும். பிரசவத்துக்குப் பின் முதல் சில நாட்கள் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. இரண்டு கிழமை தாண்டியும் அது நீங்காமல், தூக்கம் கிடைத்தும் தூங்க முடியாமல், பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாமல் இருந்தால் அது நோய், குணப்படுத்தக் கூடிய நோய். ‘பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் இருக்கும்’ என்று யார் சொன்னாலும் கேளாதீர்கள். அப்படிச் சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் மறைத்து வைத்திருந்த ஒரு பெண், கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றதை இன்றும் நினைக்கிறேன். சிகிச்சை கிடைத்த பின் ஆறு கிழமையில் ஆளே மாறியிருந்தாள். காலை பத்து மணிக்கு முன் திரையை முழுதாகத் திறந்து வெளிச்சத்தில் இருங்கள், நாளுக்கு ஒரு தடவையாவது வெளியே இறங்குங்கள், கிழமைக்கு ஒருவரோடாவது நேரில் இருந்து கதையுங்கள். எந்த நேரத்திலும் சந்தேகம் வந்தால் 811 என்ற எண்ணை அழைத்தால் பதிவுபெற்ற தாதி ஒருவர் பேசுவார். மொழிபெயர்ப்பு உதவியும் உண்டு. அழைத்ததும் ‘தமிழ்’ என்று சொல்லுங்கள், காத்திருங்கள், தொடர்பைத் துண்டித்துவிடாதீர்கள்.